கடைசிப் பெட்டி பால்கனி

சிங்கப்பூரிலிருந்து அண்ணா போன்.

"அப்பாவுக்கு அடுத்த மாசம் எழுபது முடியுது. அவரையும் அம்மாவையும் கப்பல்ல ஏத்தப் போறேன். இங்கேர்ந்து கிளம்பி பினாங்கு போயிட்டுத் திரும்பி வரும். மூணு ராத்திரி. பணம் நான் கட்டறேன். எந்த ரூம்னு மட்டும் நீ விசாரிச்சுச் சொல்லு. திங்கக்கிழமை காலைக்குள்ள!"

அண்ணன்கள் எப்போதும் இப்படித்தான். பணத்தை அவர்கள் கட்டிவிடுவார்கள். பழியை நம் பேரில் எழுதிவிடுவார்கள்.

மொத்தம் நாலு தினுசு அறையாம். முதலாவது உள்ளறை, ஜன்னலே கிடையாது. இரண்டாவதில் ஜன்னல் உண்டு, திறக்க முடியாது. மூன்றாவது, கப்பலின் பக்கவாட்டில் பால்கனி வைத்த அறை. நாலாவது, கப்பலின் வால் பக்கத்தில், பின்னால் பார்த்த மாதிரி பால்கனி வைத்த அறை.

"அந்தப் பின்பக்க பால்கனிக்குத்தான் ரேட்டு ஜாஸ்தி. இருக்கறதே கொஞ்சம். ஜனங்க அடிச்சுப் பிடிச்சு எடுக்கறாங்களாம்" என்றான் அண்ணா.

எனக்குப் புரியவில்லை. பஸ்ஸில் கடைசி சீட்டு யாருக்கும் வேண்டாம். கல்யாணத்தில் கடைசிப் பந்திக்கு அப்பளம் வராது. பின்னால் போகப் போக ரேட்டு ஏறுகிற இடம் எனக்குத் தெரிந்து சினிமா தியேட்டர் ஒன்றுதான்.

சரி, விசாரிப்போம் என்று கிளம்பினேன்.

*

நான் செங்கல்பட்டு ஆசாமி. தினம் காலையில் மின்சார ரயில். சீசன் டிக்கெட் வைத்திருக்கிறவனுக்கு முன் பெட்டி, பின் பெட்டி பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இறங்குகிற ஸ்டேஷனில் மேம்பாலப் படி எந்தப் பெட்டிக்கு நேரே வரும் என்பதை மனசில் வைத்துத்தான் ஏறவே ஏறுவோம். தப்பான பெட்டியில் ஏறினவன் இறங்கி, பிளாட்பாரம் முழுக்க நடந்து, ஆபீஸில் லேட் மார்க் வாங்குவான்.

சனிக்கிழமை எங்கள் பெட்டியில் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். பத்து நிமிஷத்தில் பதினாறு அபிப்பிராயம். கொளவாய் ஏரி தாண்டுவதற்குள் ஒருவர், "கப்பலே வேண்டாம், காசிக்கு அனுப்பு" என்றார். இன்னொருவர் எங்கேயோ ஒரு கப்பலில் உள்ளறையில் படுத்து, விடிந்தது தெரியாமல் மத்தியானச் சாப்பாடு வரை தூங்கினவர். "தூக்கம்னா அதுதான் சார் தூக்கம்!" என்று கண்ணை மூடிக் காண்பித்தார்.

நல்ல வேளையாக, அன்றைக்கு அக்கவுண்ட்ஸ் சாரின் மச்சினர் கூட வந்திருந்தார். கப்பலில் இன்ஜினீயர். லீவில் வந்தவர். என் கையிலிருந்த பேப்பரைப் பிடுங்கி, விளம்பரத்தின் மேல் ஒரு கப்பல் படம் போட்டார். முன்னால் ஒரு மூக்கு, பின்னால் ஒரு வால், நடுவில் ஒரு புள்ளி.

"சீசா பலகை பார்த்திருக்கீங்களா? பார்க்ல குழந்தைங்க ஆடுமே! கப்பலும் அதான். அலை முன்னாலேர்ந்து வந்தா மூக்கு ஏறும், வால் இறங்கும். அப்புறம் வால் ஏறும், மூக்கு இறங்கும். நடுவுல உக்கார்ந்தவனுக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு நுனியில இருக்கறவனுக்குத்தான் ஆட்டம்."

"இப்பத்தான் ஆட்டத்தை நிறுத்த ஏதோ மெஷின் இருக்காமே?"

"இருக்கு. மீனுக்கு இருக்கற மாதிரி ரெண்டு பக்கமும் துடுப்பு நீட்டுவாங்க. அது பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் குறைக்கும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு அது பெரிசா உதவாது."

அதோடு விட்டாரா? வாலுக்குக் கீழேதான் கப்பலைத் தள்ளுகிற விசிறி சுற்றுகிறது. புதுக் கப்பல்களில் அதிர்ச்சி கம்மி. இருந்தாலும் துறைமுகத்தில் ஒதுங்கும்போது மேஜை மேல் வைத்த டம்ளர் பரதநாட்டியம் ஆடும். புகைபோக்கியும் பெரும்பாலும் பின்பாதியில்தான் இருக்கும். காற்று அந்தப் பக்கம் திரும்பினால் பால்கனி நாற்காலியில் கரித்தூள். வெள்ளை வேஷ்டியோடு உட்காரக் கூடாது.

"அப்ப எதுக்கு சார் ஜனங்க காசைக் கொட்டறாங்க?"

அவர் பேனாவை மூடினார். "பக்கவாட்டு பால்கனியில நின்னா கடல்ல பாதிதான் தெரியும். கப்பல் ஊருக்குள்ள நுழையறப்போ ஊர் அந்தப் பக்கம் இருக்கும், நீங்க இந்தப் பக்கம் நின்னு தண்ணியைப் பார்த்துட்டு இருப்பீங்க. பின்னாடி நின்னா ரெண்டு பக்கமும் தெரியும். கப்பல் ஓடற வேகத்துல முன்னாடியும் பக்கத்துலயும் காத்து அறையும். பின்னாடி கப்பலே மறைச்சுக்கும். ஹாயா காபி குடிக்கலாம். அப்புறம், கப்பல் போற தடம் வெள்ளை வெளேர்னு அடிவானம் வரைக்கும் தெரியும். கோலம் போட்ட மாதிரி. அதைப் பார்த்தவன் அடுத்த தடவையும் அந்த ரூமைத்தான் கேப்பான்."

இதற்குள் தாம்பரம் வந்துவிட்டது. கப்பலுக்கு இரவில் எரிகிற விளக்குகளையும் படத்தில் போட்டுக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

(சென்னையிலிருந்தே கப்பல் கிடையாதா என்று கேட்பவர்களுக்கு: 2022 ஜூனில் கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' சென்னைத் துறைமுகத்திலிருந்து சுற்றுலா கிளம்பியது. பிரான்ஸில் கட்டி 1990-ல் கடலில் இறங்கிய கப்பல் அது. அந்தக் காலத்துக் கப்பல்களில் பால்கனி வைத்த அறைகள் குறைவு. ஜன்னல் அறையும் உள்ளறையும்தான் நிறைய. வீட்டுக்கு வீடு பால்கனி மாதிரி அறைக்கு அறை பால்கனி வைத்தது அதற்குப் பிறகு வந்த பெரிய கப்பல்கள்தான்.)

*

பிளஸ் எது, மைனஸ் எது என்று தெரிந்துவிட்டது. ஆனால் ஏறப் போவது நானில்லையே! அப்பாவுக்கு முழங்கால் வலி. அம்மாவுக்கு ஆட்டோவில் போனாலே தலை சுற்றும். ஒரு டிரையல் பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மாமல்லபுரத்துக்கு பஸ் ஏறினேன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர் சொச்சம். கப்பல் விஷயத்தை வாயே திறக்கவில்லை. "சும்மா கடல் பார்த்துட்டு வரலாம்மா" என்றேன்.

பஸ்ஸில் கடைசி வரிசைதான் காலி. விதி எனக்கு உதவி செய்தது.

கடைசி சீட்டு பின் சக்கரத்துக்கும் பின்னால் தொங்குகிறது. ஸ்பீடு பிரேக்கர் வந்தால் டிரைவருக்குத் தாலாட்டு, நமக்குத் தூக்குத் தண்டனை. இன்ஜினீயர் போட்ட சீசா படம் இப்போது முதுகெலும்பில் புரிந்தது. திருக்கழுக்குன்றம் மலை தெரிவதற்குள் அம்மா சுருக்குப் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து மோந்து பார்க்க ஆரம்பித்துவிட்டாள். மனசுக்குள் குறித்துக்கொண்டேன்: பின்பக்க பால்கனி, மைனஸ் ஒன்று.

அப்பாவைப் பார்த்தேன். அவர் முன்னால் பார்க்கவே இல்லை. உடம்பைத் திருப்பி, பஸ்ஸின் பின் கண்ணாடி வழியாக, ஓடிப் போகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

தொழில் பழக்கம். அப்பா ரயில்வேயில் கூட்ஸ் வண்டி கார்டாக இருந்து ரிடையர் ஆனவர்.

மாமல்லபுரத்தில் இறங்கினோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து கடற்கரைக் கோயில் ஒரு கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். அதற்குள் அப்பா மூன்று இடத்தில் உட்கார்ந்தார். கேட்டால், "கடையைப் பார்க்கறேன்" என்றார். சங்கு மாலைக் கடையில் அவருக்கு என்ன வேலை?

நான் மனக்கணக்குப் போட்டேன். நம்ம பன்னிரண்டு பெட்டி மின்சார ரயிலே 250 மீட்டர் சொச்சம். இன்றைய பெரிய கப்பல்கள் 300 மீட்டரைத் தாண்டுகின்றன. அறை வால் நுனியில், நாடகக் கொட்டகை மூக்குப் பக்கத்தில் என்றால், ஒரு நாளைக்கு மூன்று தடவை போய் வந்தாலே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. மைனஸ் இரண்டு.

*

கடற்கரைக் கோயிலை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அறை தேடுகிறவன் கண்ணோடு பார்த்தது அன்றைக்குத்தான்.

ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. இரண்டு விமானம். பெரியது கிழக்கே கடலைப் பார்க்கிறது. சின்னது மேற்கே ஊரைப் பார்க்கிறது. இரண்டிலும் சிவன். இரண்டுக்கும் நடுவே, கோபுரமில்லாத சின்ன சன்னதியில், பாறையிலேயே செதுக்கிய பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார்.

ஒருவர் கடல் பார்த்த அறை. ஒருவர் ஊர் பார்த்த அறை. பெருமாள் நடு உள்ளறை. ஆட்டம் இல்லை, அசைவு இல்லை, ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேல் நல்ல தூக்கம்!

கடல் பார்த்த அறைக்குக் கொடுக்க வேண்டிய விலையும் அங்கேயே தெரிந்தது. உப்புக் காற்று பட்டுப் பட்டு, வெளிச் சுவர்ச் சிற்பங்களில் பலவற்றுக்கு மூக்கும் முழியும் மழுங்கிவிட்டன. கடல் அரிக்காமல் இருக்கக் கல் கொட்டி, காற்றைத் தடுக்கச் சவுக்குத் தோப்பு வளர்த்துத்தான் காப்பாற்றி வருகிறார்கள். சாமிக்கே இந்தக் கதி என்றால், அண்ணா கட்டுகிற பணத்துக்கு என்ன கியாரண்டி?

அந்தக் காலத்து வெள்ளைக்கார மாலுமிகள் கப்பலில் இருந்தபடியே இந்தக் கரையைப் பார்த்து 'ஏழு பகோடா' என்று பெயர் வைத்தார்கள். எந்தப் பக்க பால்கனியிலிருந்து பார்த்தார்களோ!

அப்பா, அம்மாவை சவுக்கு நிழலில் உட்கார வைத்துவிட்டு, மீனவர் படகுகள் நிற்கிற பக்கம் போனேன். ஒரு பெரியவர் ஃபைபர் போட் நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, போட்ல எங்க உக்கார்ந்தா நல்லது? முன்னாடியா, பின்னாடியா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார், கடலுக்குப் போவப் போறியா?"

"எங்க அப்பா போறார்."

"முன்னாடி குந்துனா தூக்கித் தூக்கிப் போடும். பின்னாடி குந்துனா புகை. ரெண்டுல எது ஒத்துக்குதோ அங்க குந்த வேண்டியதுதான்."

ஒரே வரியில் தீர்ப்பு. சின்ன படகில் வேகமாகப் போகும்போது மூக்குதான் எழும்பி எழும்பி அடிக்கும், பின்பக்கம் தேவலை. பெரிய கப்பலில் இரண்டு நுனியும் ஆடும் என்றாலும் அங்கேயும் அலையை முதலில் வாங்குவது மூக்குதான். புகை மட்டும் எல்லாக் கப்பலிலும் வாலுக்குத்தான்.

"ஆனா சார்..." என்று கூப்பிட்டார். "பின்னாடி குந்துனாத்தான் கரை தெரியும். கரை கண்ணுல பட்டுக்கினே இருந்தா மனசுக்கு ஒரு தெம்பு."

*

சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தோம். புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல். மணல் கொஞ்சம், காற்று போட்டது. மூன்று கவளம் உள்ளே போனதும் விஷயத்தைச் சொன்னேன். கப்பல், பினாங்கு, நாலு அறை, இன்ஜினீயர் போட்ட படம் எல்லாம்.

அப்பா படத்தை வாங்கி வாலில் விரலை வைத்தார். "இது பிரேக் வேன்டா!"

"என்னது?"

"கூட்ஸ் வண்டியில கடைசியில கார்டு வேன். அதுக்கு வெளியில ஒரு சின்ன வராந்தா. கம்பி போட்டிருக்கும். முப்பது வருஷம் அந்த பால்கனியிலதான் நின்னேன். உங்க அண்ணன் காசு குடுத்து அனுப்பறான், எனக்கு கவர்மென்ட்டு சம்பளம் குடுத்து அனுப்பிச்சுது."

சிரித்தார். பிறகு சொல்லிக்கொண்டே போனார். ஃபேன் கிடையாது. விளக்கு கிடையாது. கக்கூஸ் கிடையாது. டிரைவர் முன்னால் பிரேக் போட்டால் ஒவ்வொரு வேகனாக இடித்துக்கொண்டு வந்து மொத்த அதிர்ச்சியும் கடைசியில் இறங்கும். உட்கார்ந்திருக்கிறவன் எதிர்ச் சுவரில் போய் ஒட்டிக்கொள்வான். "2022 ஜனவரியிலேர்ந்து கார்டுங்கற பேரை மாத்தி டிரெயின் மேனேஜர்னு வெச்சுட்டாங்க. பேர் மாறிச்சு. குலுக்கல் மாறிச்சான்னு அவங்களைத்தான் கேக்கணும்."

"அப்ப பின்பக்கம் வேண்டாம்ங்கறீங்களா?"

"யாருடா சொன்னா?" என்றார். "வண்டியிலயே நல்ல இடம் அதுதான். டிரைவருக்கு வர்ற சிக்னல்தான் தெரியும். போன இடம் எனக்குத்தான் தெரியும். கடைசி வண்டியில எல்.வி.-ன்னு ஒரு பலகை மாட்டுவோம். ராத்திரின்னா சிவப்பு விளக்கு. ஸ்டேஷன் மாஸ்டர் இன்ஜினைப் பார்த்து வண்டி வந்துடுச்சுன்னு எழுத மாட்டார். அந்தப் பலகையைப் பார்த்துட்டுத்தான் எழுதுவார். நடுவுல கொக்கி கழண்டு பாதி வண்டி காட்டுல நின்னுட்டா? கடைசிப் பெட்டி வந்து சேர்ந்தாத்தாண்டா வண்டி வந்ததாக் கணக்கு."

எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா மட்டும் ஒன்றும் பேசவில்லை. இலையை மடித்து, அதன் மேல் ஒரு கல்லை வைத்தாள்.

"எனக்கு அந்தச் சிவப்பு விளக்கு பிடிக்காது" என்றாள்.

அப்பா நிமிர்ந்தார்.

"அப்ப நமக்கு லைனை ஒட்டி வீடு. ராத்திரி இவர் வண்டி போகும்போது உங்க ரெண்டு பேரையும் இடுப்புல ஒண்ணும் கையில ஒண்ணுமா தூக்கிட்டு வந்து வேலிகிட்ட நிப்பேன். இவர் வராந்தாவுல நின்னு கை லைட்டை ஆட்டுவார். அப்புறம் அந்தச் சிவப்பு சின்னதாகிச் சின்னதாகி ஏரிக்கு அந்தாண்ட போயிடும். நாளைக்கு வருவாரா, நாளன்னிக்கு வருவாரான்னு தெரியாது. உனக்கு ஜுரம் வந்தப்பவும் அப்படித்தான். உங்க தாத்தா போனப்பவும் அப்படித்தான். முப்பது வருஷம் இவர் போறதைப் பின்னாடி நின்னு பார்த்தவ நான்."

அலை சத்தம் மட்டும் கேட்டது. அப்பா மணலில் விரலால் ஏதோ கோடு போட்டார்.

"நீ ஒரு நாளும் சொன்னதில்லையே?" என்றார் மெதுவாக.

"நீங்க எப்ப இருந்தீங்க, சொல்றதுக்கு?"

நான் சமாளித்துக்கொண்டு நடுநிலையாகப் பேசினேன். "அம்மா, உனக்கு பஸ்ஸிலேயே தலை சுத்துது. அப்பாவுக்குக் கால் வலி. கணக்குப் பார்த்தா நடுவுல, கீழ்த் தளத்துல, லிஃப்டுக்குப் பக்கத்துல ஒரு ரூம்தான் சரி. ஆட்டமே இருக்காது. நடையும் கம்மி."

அம்மா படத்தை அப்பாவிடமிருந்து வாங்கினாள். கண்ணாடி போடாமல் தூரப் பிடித்துப் பார்த்தாள். அப்பா விரல் வைத்த இடத்திலேயே விரலை வைத்தாள்.

"அந்த பால்கனியில ரெண்டு நாற்காலி போட இடம் இருக்குமா?"

"இருக்கும்மா."

"அப்ப அதையே சொல்லிடு. இந்தத் தடவை நானும் அவரோட பின்னாடி நிக்கறேன். தலை சுத்தினா எலுமிச்சம்பழம் இருக்கு."

*

அன்று ராத்திரியே அண்ணாவுக்குப் பதில் சொல்லிவிட்டேன். பின்பக்க பால்கனிதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. உங்களுக்கும் இப்படி ஒரு யோகம் அடித்தால் உதவும் என்பதால், நான் அவனிடம் சொன்ன நிபந்தனைகளை இங்கே கொடுக்கிறேன்.

ரொம்ப மேல் தளம் வேண்டாம். உயரம் ஏற ஏறப் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். அடித்தளமும் வேண்டாம், விசிறிச் சத்தம். நடுத்தரமான தளம் பார்க்கவும். கப்பல் படத்தை வாங்கி, நம் அறைக்கு நேர் மேலே சாப்பாட்டுக் கூடமோ, நீச்சல் குளமோ, பாட்டுக் கச்சேரியோ இருக்கிறதா என்று பார்க்கவும். இருந்தால் ராத்திரி முழுக்க நாற்காலி இழுப்பார்கள். பின்பக்கம் படிக்கட்டு மாதிரி அடுக்காக இருந்தால், மேலே நிற்கிறவர்களுக்கு நம் பால்கனி தெரியும். பனியனோடு உட்காருகிறவர்கள் யோசிக்கவும். பின்பக்க லிஃப்டுக்குக் கிட்டத்தில் அறை கேட்கவும். முழங்கால் வலிக்காரருக்கு வீல் சேர் முன்கூட்டியே சொல்லி வைக்கவும். எந்தக் கடல், எந்த மாசம் என்பதும் முக்கியம். பினாங்கு போகிற மலாக்கா ஜலசந்தி, ஒரு பக்கம் சுமத்ரா, ஒரு பக்கம் மலேயா என்று இரண்டு கரைக்கும் நடுவே இருப்பதால் பெரும்பாலும் அடக்கமான கடல். திறந்த சமுத்திரத்தில் ஒரு வாரம் போகிறவருக்குத் தலைசுற்றல் உண்டென்றால், நானே நடு அறையைத்தான் சொல்வேன்.

அண்ணா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். "இவ்வளவு கண்டிஷன் போட்டு அதையே எடுக்கணுமா? நடுவுல விலையும் கம்மிடா" என்றான். அம்மா சொன்னதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் லைனில் சத்தமே இல்லை. அவளுடைய இடுப்பிலோ கையிலோ அவனும் இருந்தவன்தானே!

அந்த மாலை பஸ்ஸில் திரும்பி வந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இந்தத் தடவை நடுவில் சீட்டு கிடைத்தது. அம்மாவுக்கு எலுமிச்சம்பழம் தேவைப்படவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தவள் திடீரென்று கேட்டாள்:

"ஏண்டா, அந்தக் கப்பலுக்கும் பின்னாடி சிவப்பு விளக்கு உண்டா?"

பையிலிருந்து பேப்பரை எடுத்துப் பார்த்தேன். இன்ஜினீயர் தெளிவாகப் போட்டிருந்தார். இடது பக்கம் சிவப்பு. வலது பக்கம் பச்சை. வாலில் வெள்ளை.

"இல்லம்மா. பின்னாடி வெள்ளை விளக்கு."

"நல்லதாப் போச்சு" என்றாள்.

முன் சீட்டிலிருந்து அப்பா திரும்பினார். "பரண் மேல என் பழைய பச்சைக் கொடி கிடக்கு. எடுத்துட்டுப் போலாமா?"

"பேசாம வாங்க!" என்றாள் அம்மா.

மறுநாள் காலை நான் ரயிலுக்குக் கிளம்பும்போது, அந்தக் கொடி துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.